படகுத் திசைகாட்டி: கேள்வி-பதில்

கே: காம்பஸுக்குள் காற்றுக் குமிழி வந்துவிட்டது. திரவத்தை நிரப்பினால் போதுமா?

ப: போதாது. குமிழி இருந்தால் பெரும்பாலும் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் ஊற்றினால் குமிழி திரும்ப வரும். கண்ணாடி மூடியின் விளிம்பில் உள்ள கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு. வெயிலில் திரவம் விரியும்போதும் குளிரில் சுருங்கும்போதும் ஈடுகொடுப்பது அதுதான். அது கிழிந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

தயாரிப்பாளர் சொல்லும் திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும். பழைய காம்பஸ்கள் பலவற்றில் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்திருக்கும். புதியவை பலவற்றில் மினரல் ஸ்பிரிட் (பெட்ரோலியக் கரைப்பான்) வகை. மாற்றி ஊற்றினால் உள்ளே சுழலும், டிகிரி எண்கள் எழுதிய அட்டையின் வண்ணம் உரியலாம், அக்ரிலிக் மூடியில் மயிரிழை விரிசல் விழலாம். நிரப்பும் திருகு உச்சிக்கு வரும்படி சாய்த்து, சிரிஞ்சால் மெல்ல ஏற்றுங்கள். இடையிடையே இப்படியும் அப்படியும் சாய்த்தால் இடுக்கில் நிற்கும் காற்று வெளியேறும். ஓர் இரவு விட்டு, குறைந்திருந்தால் மறுபடி நிரப்பி மூடுங்கள்.

கே: அட்டை மந்தமாகச் சுற்றுகிறது. தேய்மானமா?

ப: படகு அசையாமல் நிற்கும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இரும்புத் துண்டை அருகே காட்டி அட்டையைச் சில டிகிரி திருப்பிவிட்டு, இரும்பைத் தூர எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணில் நின்றால் அட்டை சுழலும் ஊசிமுனையோ அதன் மேல் உட்காரும் கல்லோ தேய்ந்திருக்கும். அது பட்டறை வேலை.

கே: மூடி மங்கிவிட்டது. அசிட்டோன் போட்டுத் துடைக்கலாமா?

ப: கூடவே கூடாது, அக்ரிலிக் பாழாகிவிடும். முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கரைத்துவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றுங்கள். வேலை முடிந்ததும் உறை போடுங்கள்.

கே: இரவில் விளக்கைப் போட்டால் திசை மாறுகிறதே?

ப: விளக்குக்குப் போகும் கம்பியின் காந்தப்புலம்தான் காரணம். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்பீக்கர், செல்போன், கத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கே: காம்பஸின் பிழையைத் திருத்தும் பக்கவாட்டுத் திருகுகளை நானே திருகிச் சரிசெய்யலாமா?

ப: பக்கத்தில் உள்ள இரும்பையெல்லாம் அகற்றிய பிறகு செய்யலாம். பித்தளை ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். படகைக் காந்த வடக்கு நோக்கி நிறுத்தி, காம்பஸ் காட்டுவதற்கும் உண்மையான காந்தத் திசைக்கும் உள்ள வித்தியாசமான பிழை முழுவதையும் திருகால் எடுங்கள், கிழக்கிலும் அப்படியே. தெற்கிலும் மேற்கிலும் மிஞ்சுவதில் பாதியை மட்டும் எடுங்கள். பிறகு படகை ஒரு சுற்றுத் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் மீதிப் பிழையை அட்டவணையாக எழுதி, சுக்கான் அருகே ஒட்டுங்கள். எஃகுப் படகென்றால் காம்பஸ் சரிபார்ப்பவரிடமே விடுங்கள்.