நாடகமும் புழுக்கொடியலும்

கேள்வி: இரவு தொலைக்காட்சி நாடகம் தொடங்கினால் எனக்குப் புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கடிக்க வேண்டும். போன தடவை போட்டது மூடிபோட்ட ரின்னுக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஏன்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: ஈரம்தான் காரணம், தங்கச்சி. கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தோலையும் நடுத்தண்டான பீலியையும் நீக்கி, இரண்டாகக் கிழித்து, நல்ல வெயிலில் 6, 7 நாள் காயவிடுங்கள். பொழுதுபடமுன் உள்ளே எடுங்கள். பனி பட்டால் காய்ந்ததும் வீண். தடித்த துண்டொன்றை முறித்துப் பாருங்கள். ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்தால் நடு இன்னும் காயவில்லை. பலர் மெல்லிய நுனியை முறித்துப் பார்த்தே ஏமாறுகிறார்கள். வெயில் சூட்டோடு ரின்னில் அடைத்தாலும் மூடி வியர்க்கும், ஆறவிட்டு அடையுங்கள்.

இன்னொன்று, ரின்னைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். திறந்து திறந்து மூட ஈரக்காற்று உள்ளே போகும். நாலு துண்டைத் தட்டில் எடுத்து, தேங்காய்ச் சொட்டோடு கடியுங்கள், அதற்கு ஈடில்லை!

பல்லுக்கு ஏலாத அம்மம்மாவுக்குப் புழுக்கொடியலை இடித்து அரித்த மா 1 கப், தேங்காய்ப்பூ அரைக் கப், சீனி 2 மேசைக்கரண்டி போட்டுப் பிசைந்து கொடுங்கள். தேங்காய்ப்பூ சேர்த்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.