எழுத்து முடிந்துவிட்டது, தாலி கட்டு அடுத்த வருடம். இப்போதே கணவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யலாமா?

செய்யலாம். எழுத்து என்றால் திருமணப் பதிவு; இலங்கையில் பதிவாளர் முன் கையெழுத்து வைத்த நாளிலேயே நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி. கனடாவும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்கிறது. ஆனால் தயவுசெய்து நான் செய்த மாதிரிச் செய்யாதீர்கள்.

நான் சட்டத்தரணி இல்லை. "ஒருத்திக்கு நடந்ததை வைத்து எல்லோரையும் பயமுறுத்தாதே" என்று யாரும் கீழே எழுத வேண்டாம். எழுத்தோடு மட்டும் விண்ணப்பித்து, ஒரு கேள்வியும் இல்லாமல் துணையை அழைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2015 ஆவணியில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு எழுத்து நடந்தது. எனக்கு வேலையில் கிடைத்த விடுமுறை மூன்று வாரம். எழுத்து முடிந்ததும் அவர் தன் வீட்டுக்குப் போனார், நான் அம்மம்மா வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் இதில் ஒரு புதினமும் இல்லை. தாலிக்குப் பொன்னுருக்கவில்லை, கூறைச் சேலை எடுக்கவில்லை, தாலி ஏறவில்லை. அதற்கு முன் ஒரே வீட்டில் தங்கியிருந்தால்தான் ஊர் கதைத்திருக்கும்.

படிவங்களை ஒரு முகவர் நிரப்பித் தந்தார். "கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும், தங்கச்சி" என்றார். சடங்கு நடந்ததா? இல்லை. எழுத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? எட்டுப் பேர். சேர்ந்து வாழ்ந்தீர்களா? இல்லை. ஏன் இல்லை என்று ஒரு வரிகூட நாங்கள் எழுதவில்லை.

2017 தொடக்கத்தில் கொழும்பில் அவருக்கு நேர்முகம். இரவு பஸ்ஸில் கண் மூடாமல் வந்து, காலையில் முகம் கழுவிவிட்டு உள்ளே போயிருக்கிறார். "கலியாணம் எப்போது நடந்தது?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்க, அவர் உள்ளதைச் சொன்னார்: "கலியாணம் இன்னும் நடக்கவில்லை. எழுத்து மட்டும்தான் முடிந்திருக்கிறது."

நிராகரிப்புக் கடிதத்தில், திருமணம் உண்மையானதாகத் தெரியவில்லை என்று மட்டும் இருந்தது. தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி அதிகாரியின் குறிப்புகளை எடுத்தேன். திருமணம் நடக்கவில்லை என்று விண்ணப்பதாரரே சொல்வதாக அதில் பதிந்திருந்தது. நம்முடைய "கலியாணம்" மொழிபெயர்ந்து போயிருக்கிறது, "எழுத்து" போகவே இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த அதிகாரியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. காசுக்குச் செய்யும் பொய்த் திருமணங்கள் இருக்கின்றன, சந்தேகப்படுவது அவருடைய வேலை. நம் வழக்கத்தை விளக்குவது என்னுடைய வேலை. அதை நான் செய்யவில்லை.

30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போனோம். (துணையும் கனடாவுக்குள் இருக்க, உள்நாட்டுப் பிரிவில் போடும் விண்ணப்பத்துக்கு இந்த மேன்முறையீடு கிடையாது, கவனம்.) அங்கே புதிய ஆதாரங்கள் கொடுக்கலாம். 2017 ஆவணியிலேயே தாலி கட்டினோம். ஆனால் நிராகரித்த பிறகு நடந்த சடங்கு வழக்குக்காக நடத்தியது போலத் தெரியும் என்று சட்டத்தரணி சொன்னார். எங்களைக் காப்பாற்றியவை பழைய தாள்கள்: ஐயர் நாள் குறித்துக் கொடுத்த துண்டு, மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டு, இரண்டு வருட வைபர் அழைப்புகள், மாமிக்கு மருந்துக்கு நான் அனுப்பிய பணம். எல்லாமே நிராகரிப்புக்கு முந்தைய தேதியில் இருந்தன.

2018 விசாரணையில் அவர் தொலைபேசியில் சாட்சி சொன்னார். பொன்னுருக்கு என்றால் என்ன என்று விசாரித்தவர் என்னிடம் கேட்டார். தாலிக்கான பொன்னை நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டில் உருக்குவது என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வென்றோம். பிறகு மறுபடி மருத்துவப் பரிசோதனை, மறுபடி பொலிஸ் அறிக்கை. 2019 வசந்தத்தில் அவர் வந்து இறங்கினார்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வருடங்களில் எனக்கு வலித்தது நிராகரிப்பைவிட உறவினர்களின் வாய்தான். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து இங்கே வந்த என் பெரியப்பா, "அவன் உன்னைக் கட்டவில்லை, கனடாவைக் கட்டினான்" என்றார். ஆண் மனைவியை அழைத்தால் அது குடும்பம், பெண் கணவனை அழைத்தால் ஏமாளியா? நிரந்தர வதிவுரிமை கிடைத்த நாளிலிருந்து 3 வருடம், பிரிந்தாலும்கூட, கணவருடைய அடிப்படைத் தேவைகளுக்கு நானே பொறுப்பு என்று படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன். இன்றைக்கும் வைப்பேன்.

2 வருடம் சேர்ந்து வாழாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்றும் உங்களிடம் சொல்வார்கள். அந்த நிபந்தனை 2012 முதல் 2017 ஏப்ரல் வரை இருந்தது, இப்போது இல்லை.

நீங்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம் வையுங்கள்: எழுத்து என்றால் என்ன, தாலி கட்டு ஏன் பிறகு வருகிறது, அதுவரை ஏன் தனித்தனி வீட்டில் இருக்கிறீர்கள். இந்தக் கடிதம் தேவையில்லை என்று முகவர் சொன்னாலும் எழுதுங்கள். இன்று இரவு கணவரோடு பேசும்போது "உங்களுக்குக் கலியாணம் எப்போது நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். எழுத்து நடந்த தேதி அவர் வாயில் உடனே வர வேண்டும்.