ஒய்.பி.யிடம் (நாடாளுமன்ற உறுப்பினரிடம்) கொடுக்கும் கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டுமானால்...

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலிருந்தும் வந்த கடிதங்களில், நாடாளுமன்றக் கேள்விகள் தொடர்பானவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் தோட்டத்தில்தான் பிறப்பு. ஆனால் இருவருக்குமே இன்றுவரை நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். அரசியலமைப்பைத் திருத்திவிட்டார்கள், இனி எங்களைப் போன்றவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்கிறார்கள். இதை நாடாளுமன்றத்தில் கேட்க வைக்க முடியுமா?

முடியும். அதற்கு முன், மாறியது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். 17.10.2024 அன்று மக்களவை 206 வாக்குகளுடன் நிறைவேற்றிய திருத்தத்தில் பல மாற்றங்கள் சேர்ந்தே வந்தன. மலேசியத் தாய்மார்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கும் குடியுரிமை என்பது அதில் ஒன்று. நியாயமான மாற்றம், பேச்செல்லாம் அதைச் சுற்றியே இருந்தது. உங்களைத் தொடுவது வேறொரு வரி. இந்நாட்டில் பிறக்கும் குழந்தையின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அக்குழந்தை குடிமகன் என்று அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை சொல்லிவந்தது. அதிலிருந்து நிரந்தரவாசியை எடுத்துவிட்டார்கள். சிவப்பு அட்டைக்காரர்கள் தலைமுறையாக வாழும் தோட்டப்புறங்களில் இந்த ஒரு வரியைப் பற்றி வீடு வீடாகப் பேசியிருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒரு திருத்தம் நிறைவேறும் நாள் வேறு, நடப்புக்கு வரும் நாள் வேறு. 18 வயதில் வாக்குரிமை தரும் திருத்தத்தை மக்களவை 16.7.2019 அன்று நிறைவேற்றியது. அது நடப்புக்கு வந்ததோ 15.12.2021 அன்றுதான். ஆகவே முதலில் அரசிதழில் நடப்புத் தேதி வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதைக் கேள்வியில் கேட்டு இடத்தை வீணாக்க வேண்டாம். பொது ஆவணத்தில் கிடைக்கும் தகவலைக் கேட்கும் கேள்வியைச் சபாநாயகர் அலுவலகம் தள்ளிவிடலாம்.

கேள்வியை இப்படி அமைக்கலாம்: உள்துறை அமைச்சர் தெரிவிக்க வேண்டியவை: (அ) திருத்தம் நடப்புக்கு வருவதற்கு முன் பிறந்து, பிறப்புப் பதிவு தாமதமான நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு எந்த விதி பொருந்தும், (ஆ) பேராக் மாநிலத்தில் நிரந்தரவாசிகள் செய்த குடியுரிமை விண்ணப்பங்களில் முடிவு தெரியாமல் இருப்பவை எத்தனை, அவற்றில் 5 ஆண்டுகளைத் தாண்டியவை எத்தனை, (இ) அவற்றை முடிக்க அமைச்சு வைத்திருக்கும் கால வரையறை என்ன. சபையில் இது மலாயில், "மிந்தா மெந்தெரி டாலாம் நெகெரி மெஞாதாகான்" என்று தொடங்கும்.

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு விதியையோ எண்ணையோ காலத்தையோ கேட்கிறது. "இந்தியர்களைத் தொடர்ந்து புறக்கணிக்கும் அரசாங்கம் இதற்கு என்ன சொல்லப் போகிறது?" என்று எழுதிக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வாதம், குற்றச்சாட்டு, கருத்து ஆகியவை கேள்வியில் இருக்கக் கூடாது என்ற நிலையான விதியைக் காட்டி நிராகரிப்பார்கள். தப்பித்தவறி ஏற்றுக்கொண்டாலோ, "அரசாங்கம் எல்லா இனத்தவரின் நலனிலும் அக்கறை கொண்டுள்ளது" என்று ஒரு பக்கப் பதில் வரும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்கான இடம் விவாதம்.

வாய்மொழிப் பதிலா எழுத்துப்பூர்வப் பதிலா என்பதையும் நீங்களே குறிப்பிட்டுச் சொல்லுங்கள். வாய்மொழி என்றால் அமைச்சர் எழுந்து பதில் சொன்னதும் ஒய்.பி. துணைக் கேள்வி ஒன்று எழுப்பலாம். அமைச்சரின் உண்மையான நிலைப்பாடு பெரும்பாலும் அப்போதுதான் வெளிவரும். அதனால் கூர்மையான விஷயத்தை முதல் கேள்வியில் கொட்டாமல் துணைக் கேள்விக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாநில வாரி, ஆண்டு வாரி எண்கள் வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வப் பதிலே மேல். எழுந்து நின்று யாரும் அட்டவணை வாசிக்க மாட்டார்கள். வாய்மொழிப் பட்டியலில் ஒரு நாளுக்கு வரும் கேள்விகள் ஏராளம். நேரம் முடிவதற்குள் எட்டாதவை எழுத்துப்பூர்வப் பதிலாக மாறிவிடும், துணைக் கேள்விக்கான வாய்ப்பும் போய்விடும். பட்டியலில் கேள்வி எத்தனையாவது என்பதை ‘அத்துரான் உருசான் மெஷுவாராட்’ எனப்படும் நாளொழுங்கில் பார்க்கலாம். நாடாளுமன்ற இணையத்தளத்தில் அது கிடைக்கும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது நேரத்தில். கூட்டம் தொடங்குவதற்குப் பல நாள் முன்பே கேள்விகளுக்கான நோட்டீஸ் மூடிவிடும். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது சேவை மையத்துக்கு ஓடிப் பயனில்லை. வரவு செலவுத் திட்டக் கூட்டம் அக்டோபரில் தொடங்கும் என்றால், ஆகஸ்டு இறுதிக்குள் எழுத்தில், ஒரே பக்கத்தில், உங்கள் தொடர்பு விவரத்துடன் கொடுத்துவிடுங்கள். ஓர் உறுப்பினர் ஒரு கூட்டத்தில் எழுப்பக்கூடிய கேள்விகளுக்கும் வரம்பு உண்டு. உங்கள் ஒய்.பி.யின் இடங்கள் நிறைந்திருந்தால் வேறு தொகுதி உறுப்பினரையோ மேலவை உறுப்பினரையோ கேட்கலாம். தொகுதி எல்லை இதற்குத் தடையில்லை.

ஒன்றை மட்டும் நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்காமல் செய்யுங்கள். அது திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. 1.3.1982 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லை என்றால், குடியுரிமையைத் தீர்மானிக்கும்போது தந்தையின் தகுதி கணக்கில் வராது. தாயின் தகுதிதான் பார்க்கப்படும். தந்தை குடிமக்களுக்கான நீல அட்டை, தாய் சிவப்பு அட்டை என்று இருக்கும் வீட்டில், திருத்தம் நடப்புக்கு வந்தபின் இந்த ஒரு காகிதம் இல்லாததே பிள்ளையின் குடியுரிமையைப் பறித்துவிடும். பிரசவத்துக்கு முன்பே தேசியப் பதிவு இலாகாவில் இதை முடித்துவிடுங்கள், அம்மா.

கேள்வி: அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு என்கிறார்களே, அன்று சபைக்கு வந்தவர்களிலா?

இல்லை. மொத்த உறுப்பினர்களில். 222 பேர் கொண்ட மக்களவையில் 148 வாக்குகள் வேண்டும். வராதவரும் வாக்களிக்காமல் உட்கார்ந்திருப்பவரும் எதிர்த்தவருக்குச் சமம். சபா, சரவாக் தொடர்பாக 1(2)ஆம் விதியைத் திருத்தும் மசோதா 9.4.2019 அன்று 138 வாக்குகள் பெற்றும் தோற்றது. 59 பேர் வாக்களிக்கவில்லை. 14.12.2021 அன்று மீண்டும் வந்தபோது 199 வாக்குகளுடன் நிறைவேறியது. எனவே மசோதாவின் இரண்டாம் வாசிப்புக்கு முன்பே உங்கள் ஒய்.பி.யிடம், "ஆதரிப்பீர்களா, எதிர்ப்பீர்களா, அன்று சபையில் இருப்பீர்களா?" என்ற மூன்றையும் கேளுங்கள். குடியுரிமை, தேசிய மொழி (152), மலாய்க்காரர்கள் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலை (153) போன்ற விதிகளைத் தொடும் திருத்தத்துக்கு மலாய் ஆட்சியாளர் மன்றத்தின் இணக்கமும் வேண்டும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி, 153ஆவது விதி இவற்றைப் பற்றிக் கேட்டால் ஒய்.பி. மீதே வழக்கு வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பாதி உண்மை. சபையில் பேசியதற்காக உறுப்பினர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பை 63ஆவது விதி தருகிறது. ஆனால் 1971இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, குடியுரிமை, தேசிய மொழி, 153, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றையே கேள்விக்கு உட்படுத்தினால் அந்தப் பாதுகாப்பு விலகலாம். அவை எப்படி நடைமுறைப்படுத்தப்படுகின்றன என்று கேட்பது வேறு, அதற்கு இடமுண்டு. மற்ற மொழிகளைக் கற்பிப்பதைத் தடை செய்யக் கூடாது என்று 152ஆவது விதியே சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, ஒதுக்கீடு எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு எப்போது என்று தாராளமாகக் கேட்கலாம். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைத் தொடாமல் எழுதினால் போதும்.

கேள்வி: இலங்கைத் தமிழர் விவகாரத்தில் மலேசியா ஐ.நா.வில் ஏன் அப்படி நடந்துகொண்டது என்று கேட்க முடியுமா? ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவதற்கு முன் நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டாமா?

2012 மார்ச் மாதம் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு 24 நாடுகள் ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை. அந்த எட்டில் மலேசியாவும் ஒன்று. இது பதிவில் இருப்பதால் ‘எப்படி வாக்களித்தது’ என்று கேட்க வேண்டாம். இலங்கை அரசைச் சாடும் வாசகத்தையும் தவிர்க்கலாம். அந்நாடு நம் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை, நம் அமைச்சர் கடமைப்பட்டவர். வாக்கு முடிவை எடுத்தது அமைச்சரவையா, விஸ்மா புத்ரா எனப்படும் வெளியுறவு அமைச்சா, எந்தக் காரணத்தால், காணாமல் போனோர் பற்றிக் கொழும்பிடம் மலேசியா எழுப்பியது என்ன, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். ‘எந்தத் தேதியில்’ என்பதை விடாதீர்கள். ‘தொடர்ந்து கண்காணித்து வருகிறோம்’ என்ற வழக்கமான பதில் அங்கே நிற்க முடியாது.

ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, கையெழுத்திடவும் உறுதிப்படுத்தவும் அரசாங்கத்துக்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் அந்தச் சட்டத்துக்காகச் சபைக்கு வர வேண்டும். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சாசனத்தில் இணையும் ஆவணத்தில் 4.3.2019 அன்று கையெழுத்திட்டு, 5.4.2019 அன்று விலகுவதாக அறிவித்தார்கள். இரண்டுமே அரசாங்கம் எடுத்த முடிவுகள். இந்த ஏற்பாடு மாற வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

அதுவரை, கையெழுத்துக்கும் உறுதிப்படுத்தலுக்கும் இடைப்பட்ட காலம்தான் கேள்விக்கு ஏற்ற காலம். பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தத்தில் 8.3.2018 அன்று கையெழுத்திட்ட மலேசியா, அதை உறுதிப்படுத்தியது 30.9.2022 அன்று. நான்கு ஆண்டுகளுக்கும் மேல் வாசல் திறந்தே இருந்தது. 26.10.2025 அன்று அமெரிக்காவுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் போன்றவற்றில் கேட்க வேண்டியது: எந்தெந்தச் சட்டங்கள் திருத்தப்படும், மசோதா எப்போது வரும், பாதிப்பு ஆய்வு வெளியிடப்படுமா. இதை வெளியுறவு அமைச்சருக்கு எழுதாதீர்கள். வர்த்தகம் முதலீடு, வாணிப, தொழில் அமைச்சின் பொறுப்பு. தவறான அமைச்சுக்குப் போகும் கேள்வி கைமாறிப் போகும், பதிலும் மெலிந்து வரும்.

கேள்வி: வேலை என்று சொல்லிக் கம்போடியாவுக்கு அழைத்துப்போன என் தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒய்.பி. மூலம் சபையில் கேட்கலாமா, ஐயா?

இப்போது வேண்டாம். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். தம்பியின் பெயர் வெளியே வந்தால் அவருக்கே ஆபத்து. இன்றே காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். புகார் நகல், கடப்பிதழ் எண், கடைசியாக அவர் அனுப்பிய இடக்குறிப்பு, ஆள் சேர்த்தவரின் தொலைபேசி எண் ஆகியவற்றுடன் விஸ்மா புத்ராவின் தூதரகச் சேவைப் பிரிவுக்கும் புனோம் பென் மலேசியத் தூதரகத்துக்கும் எழுதுங்கள். ஒய்.பி.யிடம் அதே கோப்பைக் கொடுத்து, அமைச்சர் அலுவலகத்துடன் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். பிடித்து வைத்திருப்பவர்கள் பணம் கேட்டால் போலீசுக்குத் தெரியாமல் அனுப்பாதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். தம்பி வீடு திரும்பிய பிறகு, இப்படிச் சிக்கி மீட்கப்பட்டவர்கள் எத்தனை பேர், ஆள் சேர்த்த முகவர்களில் எத்தனை பேர் மீது வழக்கு என்று உள்துறை அமைச்சரிடம் கேட்கச் சொல்லலாம்.