ஏரிக்கு ஏறும் வழி, பனியாற்றில் வைக்கும் அடி
வாசகர் கேள்வி – பதில்

மலைமேல் ஒரு ஏரி, அதற்கும் மேலே ஒரு பனியாறு, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது பற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: ஏரி 7 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஏற்றம் 900 மீட்டர். ஏரியிலிருந்து பனியாற்றின் மேல் சிறிது தூரம் நடக்கவும் ஆசை. காலை 8 மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாமா?

இருட்டுக்கு முன் திரும்பிவிடலாம். ஆனாலும் 8 மணி வேண்டாம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் வழிக்கு அது ஏறக்குறைய 3 மணி நேரம். ஓய்வே எடுக்காமல், நல்ல பாதையில் நடக்கிறவர்களுக்கான கணக்கு அது. முதுகில் பை, காலடியில் உருளும் கல் என்றால் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியாற்றில் ஒன்றரை, ஏரிக்கரையில் அரை, இறங்க 3. மொத்தம் 9 மணி நேரம். 5 மணிக்குக் கிளம்பினால் 2 மணிக்குக் கீழே இருப்பீர்கள். 8 மணிக்குக் கிளம்பினால் 5 ஆகிவிடும்.

அந்த 3 மணி நேர வித்தியாசம் ஏன் பெரிது என்றால், பனியாற்றிலிருந்து இறங்கும் ஓடைகள் வெயிலோடு ஏறி இறங்குபவை. இரவுக் குளிரில் உருகல் குறைவதால் விடியற்காலையில் நீர் மிகக் குறைவு. பகல் முழுக்க உருகியது பிற்பகலிலும் மாலையிலும் வந்து சேரும். காலையில் கல்மேல் கால் வைத்துத் தாண்டிய ஓடை, மாலை 5 மணிக்கு முழங்காலுக்கு மேல் சுழித்துக்கொண்டு ஓடலாம். நீர் கலங்கலாக இருப்பதால் ஆழமும் தெரியாது. அப்படி ஓர் ஓடையில் மாட்டிக்கொண்டால் அது பல கிளைகளாகப் பிரியும் அகலமான இடத்தைத் தேடுங்கள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள்; விழுந்தால் பை உங்களை நீருக்குள் அழுத்தக் கூடாது. காலணியோடே இறங்குங்கள், வெறுங்கால் அந்தக் குளிரில் சில நொடிகளில் மரத்துவிடும். நீரின் வேகத்தைப் பார்த்துத் தயக்கம் வந்தால் தாண்டாமல் கரையிலேயே காத்திருங்கள், இரவு ஏற ஏற நீர் வற்றும். அதனால்தான் கூடுதல் உடையும் உணவும் பையில் இருக்க வேண்டும்.

கிளம்பும்போதே திரும்பும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். 11 மணி என்றால் 11 மணிதான், பனியாற்றின் விளிம்பு கண்ணெதிரே தெரிந்தாலும்.

கேள்வி: காலணி மேல் ரப்பர் பட்டையாக இழுத்து மாட்டும் சிறு முள் வாங்கி வைத்திருக்கிறேன். அது போதாதா?

உறைந்த நடைபாதைக்கும் சாய்வே இல்லாத பனிக்கட்டிக்கும் போதும். சரிவு வந்ததும் ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, முள் காலணிக்கு வெளியே நகர்ந்துவிடும். பனியாற்றுக்கு 10 அல்லது 12 முள் உள்ள எஃகு கிராம்பான்தான் (காலணிக்கு அடியில் மாட்டும் முள்சட்டம்) வேண்டும். அதுவும் அடிப்பாகம் வளையாத காலணியில். வளையும் காலணியில் கிராம்பான் நடுவழியில் கழன்றுவரும்.

வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். பட்டையைக் கட்டுவதற்கு முன் காலணியைத் தூக்கி லேசாக உலுக்கினால் கிராம்பான் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் நீளத்தைச் சரிசெய்யுங்கள். கொக்கி காலின் வெளிப்பக்கம் வரட்டும், மிஞ்சும் பட்டையை மடக்கிச் செருகிவிடுங்கள். தொங்கும் பட்டையையோ தொளதொள பேன்ட்டையோ மறு காலின் முள் கொத்தித்தான் பலர் விழுகிறார்கள். அதனால் கால்களை இடுப்பகலம் தள்ளி வைத்து நடங்கள், பேன்ட் மேல் கெய்ட்டர் (கீழ்க்காலை இறுக்கி மூடும் உறை) போடுங்கள்.

சரிவில் பாதத்தை முழுதாக, தட்டையாக வையுங்கள். சறுக்கிவிடுமோ என்ற பயத்தில் காலின் ஓரத்தை ஊன்றத் தோன்றும். அப்படிச் செய்தால் பாதி முட்கள் காற்றில் நிற்கும், சறுக்கல் நிச்சயம். ஈரப் பனியில் முட்களுக்கு நடுவே பனி உருண்டையாக ஒட்டும். அடிக்கடி கம்பால் தட்டிவிடுங்கள், அல்லது பனி ஒட்டாத தகடு உள்ள கிராம்பானாக வாங்குங்கள்.

கேள்வி: கோடைக் கடைசியில் மேலே பனியே இல்லை, வெறும் பனிக்கட்டிதான் தெரிகிறது என்கிறார்கள். அது ஆபத்துதானே?

தலைகீழாக யோசிக்க வேண்டிய இடம் இது. வெறும் பனிக்கட்டி தெரியும் பனியாற்றில் பிளவுகள் கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போகலாம். வெள்ளை வெளேரென்று பனி மூடியதுதான் பயப்பட வேண்டியது: பிளவுகளுக்கு மேல் பனிப்பாலம் மூடியிருக்கும், வெயில் ஏற ஏற அது இளகும். பிளவுகள் 30 மீட்டர் ஆழம்கூட இருக்கும். பனி மூடிய பனியாற்றில் கயிறு கட்டாமல் ஓர் அடியும் வேண்டாம். கயிறு என்றால் ஹார்னஸ் (கயிற்றைப் பிணைக்க இடுப்பில் அணியும் பட்டை), இடைவெளி விட்டு மூன்று பேருக்குக் குறையாத வரிசை, தொய்வில்லாத கயிறு, விழுந்தவரை மேலே இழுக்கும் பயிற்சி, இவ்வளவும் சேர்த்துத்தான். பயிற்சி இல்லாதவர்களைப் பிணைக்கும் கயிறு, ஒருவர் விழும்போது மற்றவர்களையும் இழுத்துப் போகும். முதல் முறை என்றால் தகுதி பெற்ற வழிகாட்டியோடு போங்கள்.

கேள்வி: பனியாற்றின் நுனியில் நீலக் குகை இருக்கிறது. உள்ளே போய்ப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். கூரை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. குளிரான நாள், அதிகாலை என்பதெல்லாம் முழுப் பாதுகாப்பு அல்ல. குகை மட்டுமல்ல, பனியாறே உடையலாம்: 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மர்மோலாடா மலையில் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து சரிந்து 11 பேர் இறந்தார்கள். நுனியிலிருந்து தள்ளியே நில்லுங்கள். பனியாறு நேராக ஏரியில் இறங்குகிறது என்றால் கரையோரமும் ஆபத்து, உடைந்து விழும் கட்டி அலையைக் கிளப்பும். நுனிக்கு அருகில் சாம்பல் நிறச் சேறு தட்டையாகக் கிடக்கும். கம்பால் குத்திப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள், புதையும்.

கேள்வி: ஏரி ஏன் அப்படி ஒரு நீலப்பச்சை? குளிக்கலாமா?

பனியாறு பாறையை அரைத்துத் தள்ளும் மாவு போன்ற தூள் நீரில் மிதந்து, ஒளியைச் சிதறடிக்கிறது. அழகின் காரணம் அதுதான். அதே தூள் தண்ணீர் வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும், ஆகவே 2 லிட்டர் கீழிருந்தே கொண்டுபோங்கள்.

குளிக்க வேண்டாம். உருகிய பனி நீரில் விழுந்தவுடன் மூச்சு தன்னிச்சையாக வாங்கும், அப்போது வாய் நீருக்குள் இருந்தால் ஆபத்து. முதல் நிமிடம் மூச்சை நிதானப்படுத்தவே சரியாக இருக்கும். பத்து நிமிடங்களுக்குள் கைகால் வலுவிழக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில்தான் மூழ்குகிறார்கள்.

கேள்வி: மேகமூட்டமாக இருந்தால் கருப்புக் கண்ணாடி வேண்டுமா?

வேண்டும். புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டி வரும், உயரம் ஏற ஏறக் கூடும், புதுப் பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மூக்கின் அடிப்பக்கமும் தாடைக்குக் கீழேயும்கூடக் கருகும், அங்கும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். கண் எரிச்சல் அங்கேயே தெரியாது. பல மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் தொடங்கும். பக்கவாட்டு மறைப்போடு 4-ஆம் பிரிவுக் கண்ணாடி போடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவு இருட்டு.

கேள்வி: ஏரி 3,800 மீட்டரில். தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு தொடரலாமா?

2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ சேர்ந்தால் அதை உயர நோயாகவே எடுத்துக்கொண்டு ஏறுவதை நிறுத்துங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே இறக்கிக் கொண்டுபோங்கள், துணையோடு. மாத்திரை வலியை மறைத்துவிட்டால் நோய் முற்றுவது உங்களுக்கே தெரியாது.

கேள்வி: செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் உதவி கேட்பது எப்படி?

விசில் அல்லது டார்ச். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டது என்று பொருள். பதில் வந்த பிறகும் நிறுத்தாதீர்கள். ஒலியைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்வார்கள். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி தாண்டினால் தேட வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பியதும் அவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.