மாத்திரை என்றைக்குத் தீர்ந்தது?

அரசு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். கேஷுவாலிட்டிக்கு வருபவர்களில் பலருக்கு அவசரம் எதுவும் இல்லையாம். ஏழைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்பது அவர் கேள்வி. வீடு தேடிப் போய்க் கவனிக்கும் திட்டம் அமெரிக்காவின் காம்டன் நகரிலேயே தோற்றுவிட்டதே என்றும் கேட்கிறார்.

அன்புள்ள தம்பி,

காம்டனை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தத் திட்டம் பலன் தந்ததா என்று 800 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. செவிலியரும் சமூகப் பணியாளரும் கூடவே இருந்து கவனித்தவர்களிலும் சரி, அந்தத் துணை கிடைக்காதவர்களிலும் சரி, 180 நாளுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 62 சதவீதம். உண்மைதான். ஆனால் அவர்கள் பல நோய்களோடு அடிக்கடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள். வீடில்லாதவர்களும் அதில் உண்டு. அதை வைத்து நம் ஊர் சுகர் நோயாளியை அளக்காதீர்கள்.

"புரியவைப்பது" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

என் பெரியம்மா வீட்டுவேலை செய்தவர். சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை இலவசம். ஆனால் ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிடும். வரிசையில் நின்றால் இரண்டு வீட்டிலும் சம்பளத்தைப் பிடிப்பார்கள். அதனால் மாதக் கடைசியில் மாத்திரையை அரிவாள்மனையில் வைத்துப் பாதியாக நறுக்குவார். சிதறிய தூளை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார். ஒரு மாதம் அதுவும் தீர்ந்துபோய், நடுராத்திரியில் தலைசுற்றி விழுந்தார். ஆட்டோவில் ஏற்றிப் போனோம். "இதுக்கெல்லாம் ராத்திரியில வருவீங்களா?" என்று அங்கே ஒருவர் அதட்டினார். பெரியம்மா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவருக்கு என்ன புரியவில்லை, தம்பி? வேலை முடிந்து வரும் நேரத்தில் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசின் திட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்க்கிறது. தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிறார். பகலில் வேலைக்குப் போகிறவர் அவர் கண்ணில் படமாட்டார், உங்கள் கண்ணில்தான் படுவார். நீங்கள் ராத்திரி பார்த்தவரின் பெயர் காலையில் அந்தத் தெருத் தன்னார்வலருக்குப் போகவேண்டும். ஒரு போன் போதும். அதைச் செய்யாமல் விழிப்புணர்வு பேசாதீர்கள்.

இன்று இரவு வருபவரிடம், அதட்டாமல், மாத்திரை என்றைக்குத் தீர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.