கடல் மண்ணை அரித்து பிளாஸ்டிங் செய்யலாமா?

கேள்வி: பழைய பைக் பாகங்களைத் துரு நீக்கிப் பெயின்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. காற்றழுத்தத்தில் பொடியை அடித்துத் துருவை நீக்கும் மூடிய பெட்டி, அதாவது சின்ன சாண்ட் பிளாஸ்டிங் கேபினட் ஒன்று வாங்கி கார் ஷெட்டில் வைத்திருக்கிறேன். அதில் போடும் கார்னெட் என்ற கனிமப் பொடியின் மூட்டை விலை கேட்டால் தலை சுற்றுகிறது. மணவாளக்குறிச்சி கடற்கரை மண்ணை அரித்துப் போட்டால் என்ன? தூசிக்கு வீட்டு வாக்குவம் கிளீனரும் துணி மாஸ்க்கும் போதுமா?
– வாசகர், தக்கலை

பதில்: கடல் மண்ணும் வேண்டாம், ஆற்று மணலும் வேண்டாம். மணலில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா. இரும்பில் மோதி உடைந்தால் கண்ணுக்கே தெரியாத பொடியாகி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதனால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. பிரிட்டனில் 1949-லேயே மணல் பிளாஸ்டிங்கைத் தடை செய்துவிட்டார்கள். மணவாளக்குறிச்சி மண்ணில் போதாக்குறைக்கு மோனசைட் என்ற கனிமமும் இருக்கிறது. அதிலுள்ள தோரியம் கதிர்வீச்சு உடையது. கார்னெட்டும் அதே மண்ணில் உண்டுதான், ஆனால் அதைப் பிரிப்பது ஆலை வேலை, சல்லடை வேலை அல்ல.

கார்னெட்டே வாங்குங்கள். கேபினட்டுக்குள் அதே பொடி திரும்பத் திரும்பப் பயன்படுவதால் விலை அவ்வளவு உறுத்தாது. தனிச் சிலிக்கா (வேறு கனிமத்தோடு சேராமல் தனியே இருக்கும் சிலிக்கா) 1 சதவீதத்துக்குக் கீழ் என்று மூட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் சாக்கில் அள்ளித் தரும் பெயரில்லாத பொடியைத் தொடாதீர்கள்.

வீட்டு வாக்குவம் கிளீனரின் பை நுண்தூசியைப் பிடிக்காது. பின்பக்கமாக ஷெட்டுக்குள்ளேயே ஊதிவிடும். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக வாங்கி, கேபினட்டுக்கும் அதற்கும் நடுவில், காற்றைச் சுழற்றித் தூசியைத் தனியே விழவைக்கும் சைக்ளோன் டப்பா ஒன்று வைத்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. இரவில் ஷெட் விளக்கை அணைத்துவிட்டு கேபினட் விளக்கை மட்டும் போடுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில்தான் தூசியும் கசியும். அங்கே ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கையுறையில் ஓட்டை விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் வாக்குவம் கிளீனர் ஓடிக்கொண்டிருக்க, சில நிமிடம் பொறுத்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான்.

துணி மாஸ்க் இதற்கு ஆகாது. குறைந்தது என்95 மாஸ்க் வேண்டும், கேபினட்டைக் காலி செய்யும்போது அதைவிட நன்றாகத் தூசியைத் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட ரப்பர் முகக்கவசம் நல்லது. தாடி இருந்தால் இரண்டுமே முகத்தோடு சரியாகப் பதியாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள். சிந்திய பொடியைத் துடைப்பத்தால் கூட்டவும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அப்புறம், நம்மூர் ஈரக்காற்றில் கேபினட்டுக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் டேங்கில் தண்ணீர் சேரும். கார்னெட் கட்டிபிடித்து நாசில் அடைக்கும். தினமும் டேங்க் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், பைப்பில் காற்றிலுள்ள தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர் ஒன்றும் போடுங்கள். பிளாஸ்ட் செய்த இரும்பை மறுநாளுக்கு வைக்காமல் அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.