பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: காகத்தை எழுதினீர்களா?

பொங்கல் நெருங்குகிறது, பொங்கல் நாட்களில் அவரவர் இடத்தில் பறவைகளை எண்ணிப் பட்டியலிடும் கணக்கெடுப்பைப் பற்றிக் கடிதங்களும் குவிகின்றன. பாதிக் கடிதங்களில் நேரமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. இருந்தவரைக்கும் பதில்.

கே: கணக்கெடுப்புக்கு ஏரி, காடு என்று போகத்தான் வேண்டுமா? வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம்தான் இருக்கிறது. (கும்பகோணம்)

முருங்கை போதும். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பாருங்கள். 2015இல் இது தொடங்கிய நாளிலிருந்து சொல்லப்படுவது இதுதான். முருங்கை பூத்திருந்தால் தேன்சிட்டு தானே வரும்.

கே: கால் மணி நேரத்தில் மைனா எட்டு முறை வந்தது. எட்டு என்று போட்டுவிட்டேன். சரிதானே? (திருப்பூர்)

சரியில்லை. எட்டு மைனா வந்ததா, ஒரே மைனா எட்டுத் தடவை வந்ததா? கொல்லையில் எண்ணும்போது ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையைப் போடுவதுதான் பாதுகாப்பு. இரண்டு மைனா சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இரண்டு. ஒன்றுக்கொன்று வேறென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கூட்டலாம். கறுப்புக் குயில் முதலில் வந்து, அது போன பிறகு புள்ளிக்குயில் வந்தால், ஆண் ஒன்று, பெண் ஒன்று. ஆக இரண்டு.

கே: நேரம் குறிக்க மறந்துவிட்டேன். சுமார் ஒரு மணி நேரம் என்று போடலாமா? (தாம்பரம்)

கூடாது. மறுநாள் காலையில் மறுபடி எண்ணுங்கள். கணக்கெடுப்பு நான்கு நாள் நடக்கிறது. தொடங்கும்போதே கைபேசியில் மணி பாருங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது!

கே: மொத்தம் 11 இனம் பார்த்தேன். காகம், மைனா, மாடப்புறாவை எழுதவில்லை, அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. 'முழுமையான பட்டியலா?' என்று இபேர்ட் (பறவைப் பட்டியலைப் பதியும் இணையதளம்) கேட்டதற்கு 'ஆம்' கொடுத்தேன். (கோவை)

இந்தக் கடிதம் வருடா வருடம் வருகிறது, ஊர் மட்டும் மாறுகிறது.

முழுமையான பட்டியல் என்றால், அடையாளம் தெரிந்த அத்தனை பறவையையும் எழுதிவிட்டேன் என்று பொருள். நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் காகம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் காகம் கூடியதா குறைந்ததா என்று கணிக்கிறார்கள். நீங்கள் 'ஆம்' போட்டுக் காகத்தை விட்டீர்களானால், உங்கள் தெருவில் காகம் தென்படவில்லை என்று பதிவாகிறது. சோம்பலில் விட்டதா, நிஜமாகவே இல்லாததா என்று பின்னால் யார் பிரித்துப் பார்ப்பது?

இந்த விஷயத்தில் எனக்கும் பழைய பாவம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் நான் எழுதிய நோட்டுகளைப் புரட்டினால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மற்றபடி வழக்கமானவை' என்று ஒரு வரி இருக்கும். அந்த வழக்கமானவற்றுக்குள்தான் சிட்டுக்குருவி இருந்தது. பிறகு குருவி போச்சு, குருவி போச்சு என்று ஊரே பேசியபோது, எங்கள் தெருவில் முன்பு எத்தனை இருந்தது என்று சொல்ல என்னிடம் ஓர் எண் இல்லை. அபூர்வமாக ஒரு தரம் வந்த பறவைக்கு அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன்!

அந்தப் பட்டியலைத் திறந்து திருத்துங்கள். எத்தனை காகம் என்று நினைவில்லாவிட்டால் எண்ணுக்குப் பதில் எக்ஸ் (X) போடுங்கள், 'இருந்தது' என்றாவது பதிவாகும்.

கே: செல்போன் கோபுரத்தால்தான் குருவி அழிந்ததா? (மதுரை)

அதற்கு உறுதியான சான்று இல்லை. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசிவிட்டு, நாடு முழுவதும் பார்த்தால் குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. அந்தப் பதிவுகள் உங்களையும் என்னையும் போன்றவர்கள் எழுதியவை.

கே: குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி வல்லூறு என்று காட்டியது. சேர்க்கலாமா? (நாகர்கோவில்)

நீங்கள் பார்த்தீர்களா? இல்லையென்றால் வேண்டாம். கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும். செயலி பெயர் சொன்னதும் அண்ணாந்து பாருங்கள், எழுதுவது அதற்கப்புறம்.

கே: பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை, வால் வெட்டியதுபோல் குட்டை. வாழைக்கடியில் சருகைக் கிளறுகிறது. (தஞ்சாவூர்)

இப்படியல்லவா எழுத வேண்டும். ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருவது. அந்தச் சருகைக் கூட்டிக் கொளுத்திவிடாதீர்கள்.

கே: சோளக்காட்டில் சூறைக்குருவி பெருங்கூட்டம். எண்ணவே முடியவில்லை. (அருப்புக்கோட்டை)

முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதேபோல் கூட்டத்தில் எத்தனை பத்து என்று பாருங்கள். 180ஐ 200 என்று போட்டாலும் குடிமுழுகாது. எக்ஸ் மட்டும் போட்டுவிட்டு நழுவ வேண்டாம்.

கே: பறவைகளுக்குக் கனுப்பிடிச் சோறு வைத்ததும் மாடியில் காகம் மொய்க்கிறது. நாமே அழைத்து எண்ணுவது ஏமாற்று இல்லையா? (ஸ்ரீரங்கம்)

இல்லை. வந்த பறவை வந்ததுதான். 'சோறு வைத்தோம்' என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக்காகம். உடல் முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்து இருந்தால் அண்டங்காக்கை. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.